பெருங்கணிப்பொறியும் பொருந்தாத புரியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பழுது பார்க்கும் லேத் பட்டறை ஒன்றினுள் சற்று நின்று பாருங்கள். பழைய இங்கிலாந்து இயந்திரத்தின் போல்ட்டுக்குப் புது நட்டு தேடுவார்கள். விட்டம் ஏறக்குறைய ஒத்திருக்கும். ஆயினும் நட்டு ஒழுங்காக ஏறாது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த புரியின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் புரிக்கோ 60 டிகிரி. புரிகளின் இடைவெளியும் வேறு. தனித்தனியே இரண்டும் நல்ல புரிகளே. ஒன்றோடொன்று சேரமாட்டா, அவ்வளவுதான்.

இந்தப் பட்டறைகளுக்கு அருகிலேயே இன்று மென்பொருள் அலுவலகங்கள் எழும்பியுள்ளன. அத்துறையிலும் இதே தொல்லை உண்டு என்றால் வியப்பாக இருக்கும்.

தொழிற்பேட்டை தோன்றிய அதே 1964-ஆம் ஆண்டில், ஏப்ரல் 7 அன்று, ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம்/360' என்னும் பெருங்கணிப்பொறிக் குடும்பத்தை அறிவித்தது. அதற்கு முன் ஒருவகைப் பொறிக்கு எழுதிய நிரல் மற்றொரு வகையில் ஓடாது. 360-இல் அந்தக் குறை நீங்கியது. நாடா, தட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றை இணைக்கும் முறையும் ஒன்றாக்கப்பட்டது. அதன் வாரிசான 370/155 பொறி 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்டது.

இப்பொறிகளில் ஒவ்வொரு துணைக்கருவிக்கும் வீட்டுக் கதவிலக்கம் போல ஓர் எண் உண்டு. பதினாறடிமான முறையில் நான்கு இலக்கம். ஆக 65,536 எண்கள் கிடைக்கும். நம் மேசைக் கணிப்பொறி தன்னுடன் இணைந்தவற்றைத் தானே தேடிக்கொள்கிறது. பெருங்கணிப்பொறியில் அது ஆபத்து. ஒரே பொறியைப் பல இயக்க முறைமைகள் பங்கிட்டுக்கொள்கின்றன; கண்ணில் பட்ட தட்டு வேறொருவரின் கணக்குகள் அடங்கியதாக இருக்கலாம். எனவே, "இந்த எண் உன்னுடையது" என்று யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

1999 டிசம்பரில் லினக்ஸ் இப்பொறியில் ஓடுவதற்கான நிரல்வரிகளை ஐ.பி.எம். வெளியிட்டது. அதன்பின் சூசே நிறுவனம் தட்டுக்கு ஒன்று, வலைப்பின்னல் அட்டைக்கு ஒன்று எனத் தனித்தனிச் சிறு நிரல்களை எழுதியது. ரெட் ஹாட் தன் வழியில் வேறு கோப்புகளை வைத்தது. ஒன்றில் பழகியவர் மற்றதில் தடுமாறினார். வலை அட்டைக்கோ படிக்க, எழுத, தரவு அனுப்ப என மூன்று எண்கள் வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை நடக்காது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருந்தது. (கண்ணி என்ற பொருளில் சொல்கிறேன்!) ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டை இணைப்பது ஒரு செயல், நிறுத்தி மீண்டும் தொடங்கிய பின்னும் அது இணைந்திருக்கச் செய்வது வேறு செயல். பின்னதை மறந்தால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. என்றோ ஒருநாள் பொறியை நிறுத்தித் தொடங்கினால் தட்டைக் காணோம்! நிரலை எழுதியவர் அதற்குள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவைவிட்டு வெளியேறியபோது, இங்கிருந்த அதன் பொறிகளைப் பேணும் பொறுப்பு அரசின் சி.எம்.சி. நிறுவனத்தின்மேல் விழுந்தது. செய்தவர் இல்லாத இடத்தில் பேணுபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பின்னர் 'எஸ்390-டூல்ஸ்' தொகுப்பில் 'சிஎச்ஸெட்டெவ்' என்ற கட்டளை சேர்ந்தது. தட்டானாலும் வலை அட்டையானாலும் கட்டளை இது ஒன்றே. இப்போதைய இணைப்பு, மறுதொடக்கத்துக்கான இணைப்பு ஆகிய இரண்டையும் இதுவே செய்கிறது. பின்னதை லினக்ஸ் உலகுக்குப் பொதுவான 'யூடெவ்' விதிகளாக எழுதி வைக்கிறது. சூசே தன் பழைய நிரல்களின் பெயர்களை வைத்துக்கொண்டே, அவை உள்ளே இக்கட்டளையை அழைக்குமாறு மாற்றியது. விட்வொர்த் போல்ட்டுக்கும் மெட்ரிக் நட்டுக்கும் இடையே ஓர் இணைப்புத் துண்டு போட்டதைப் போன்றது இது.

பழைய நிரல்களைக் கண்ணை மூடிக்கொண்டு எறிவதை நான் ஏற்கமாட்டேன். இந்தத் தட்டை ஏன் முதலில் இணைக்கவேண்டும் என்று யாரோ எழுதிய ஒருவரிக் குறிப்பு அதில்தான் இருக்கும். எந்தக் கருவியும் அதைப் படித்துச் சொல்லாது. மாற்றுமுன் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கவேண்டும்.

'எல்எஸ்ஸெட்டெவ்' என்னும் துணைக் கட்டளை ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இரண்டு விடை தருகிறது: இப்போது இணைந்துள்ளதா? மறுதொடக்கத்திலும் இணையுமா? முன்னதற்கு 'ஆம்', பின்னதற்கு 'இல்லை' என்று வந்தால், பொறியை நிறுத்துமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.