ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பாகப்பிரிவினை

கணினியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சி டிரைவ். பல கணினிகளில் அதற்குப் பக்கத்தில் டி, ஈ என்று இன்னும் சில. சரி, ஏ எங்கே போனது? பி எங்கே? அகர வரிசையில் முதல் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏன் தொடங்குகிறார்கள்? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நாற்பது வருடக் கதை ஒன்று கிடைக்கிறது. ஒரு சொத்தை எப்படிப் பாகம் பிரித்தார்கள், ஏன் பிரித்தார்கள், பிரித்ததால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்ற கதை அது.

மதுரையும் வன்தட்டும்

வன்தட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள மதுரைக்காரர்களுக்குப் பெரிய சிரமம் இருக்காது. நடுவில் மீனாட்சியம்மன் கோயில். அதைச் சுற்றி ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றைச் சுற்றி ஒன்று. வன்தட்டிலும் இப்படித்தான். காந்தப் பூச்சு பூசிய தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஆயிரக்கணக்கான வட்டப் பாதைகள். இவற்றுக்கு டிராக் என்று பெயர். ஒவ்வொரு டிராக்கும் செக்டர் எனப்படும் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு செக்டரில் 512 பைட் பிடிக்கும் என்பதுதான் வெகுகாலம் கணக்காக இருந்தது.

ஒரே ஒரு வித்தியாசம். சித்திரைத் திருவிழாவில் வீதி அப்படியே நிற்கும், தேர் சுற்றி வரும். வன்தட்டிலோ வீதி சுற்றும், படிக்கும் முனை எந்த வீதிக்கு மேலே நிற்க வேண்டுமோ அங்கே போய் நிற்கும்!

உலகின் முதல் வன்தட்டை 1956ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது. 50 தட்டுகள், ஒரு டன் அளவுக்கு எடை. இவ்வளவு பெரிய இயந்திரத்தில் பிடித்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்றைய செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அந்த இடம் போதாது.

நான்கு பேருக்கு மட்டும் பத்திரம்

பாகம் பிரிக்கும் கதை 1983ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஐ.பி.எம். தன் பிசி எக்ஸ்டி கணினியை 10 எம்.பி. வன்தட்டுடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் வந்த பிசியில் இருந்தவை பிளாப்பி டிரைவ்கள். அவை ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டன. பிறகு வந்த வன்தட்டுக்குக் கிடைத்தது சி. பிளாப்பி மறைந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அதற்குப் போட்ட இரண்டு நாற்காலிகள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன.

அதே கணினியுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில் எஃப்டிஸ்க் என்ற சிறிய மென்பொருள் இருந்தது. வன்தட்டைப் பாகம் பிரிப்பதுதான் அதன் வேலை. 10 எம்.பி.யைப் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் பிசிக்கு டாஸ் ஒன்றுதான் இயங்குதளம் என்று முடிவாகவில்லை. சிபி/எம், யுனிக்ஸ் வகைகள் எல்லாம் களத்தில் இருந்தன. ஒரே தட்டில் இரண்டு இயங்குதளங்கள் சண்டையில்லாமல் குடியிருக்க வேண்டும் என்றால் எல்லைக்கல் நட்டாக வேண்டும்.

அந்த எல்லைக் கணக்கை வன்தட்டின் முதல் செக்டரிலேயே எழுதிவைத்தார்கள். மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் கணினியைக் கிளப்பும் நிரலுக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. மிச்சம் 64 பைட்தான் பத்திரம். ஒரு பாகத்துக்கு 16 பைட் வீதம் நான்கு பாகங்களுக்குத்தான் அதில் இடம். எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை, கணினி இதிலிருந்து கிளம்ப வேண்டுமா என்ற விவரங்கள் ஒவ்வொன்றிலும் இருக்கும். கிட்டத்தட்ட சர்வே எண்ணும் பரப்பளவும் எழுதிய பத்திரம் போலத்தான்.

நான்கு போதாது என்றானபோது என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பங்கை மட்டும் விரிவாக்கப் பார்ட்டிஷன் என்று அறிவித்து, அதற்குள் எத்தனை உட்பிரிவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள வழி செய்தார்கள். நான்காவது தம்பியின் பங்கை அவன் பிள்ளைகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது மாதிரி. 1987ல் வந்த டாஸ் 3.3 பதிப்பு இதைத் தந்தது.

டி டிரைவ் ஏன் பிறந்தது?

டி டிரைவ் என்பது நம் படம், பாட்டு, கோப்புகளைப் பத்திரமாக வைக்க வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கணக்கில் வந்த பற்றாக்குறையால் பிறந்தது.

1984ல் டாஸ் 3.0 வந்தபோது ஃபேட் 16 என்ற கோப்பு முறை அறிமுகமானது. அன்றைய டாஸ் செக்டர்களை எண்ண 16 பிட் எண்ணைத்தான் பயன்படுத்தியது. 16 பிட்டில் 65,536 வரைதான் எண்ண முடியும். அதை 512ஆல் பெருக்கினால் 32 எம்.பி. அதற்கு மேல் இடம் இருந்தாலும் ஒரு டிரைவாக டாஸால் பார்க்க முடியாது. 40 எம்.பி. வன்தட்டு வாங்கியவர் என்ன செய்வார்? 32ஐ சி என்றும் மிச்சத்தை டி என்றும் பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பின்னால் இந்த எல்லை 2 ஜி.பி. வரை உயர்ந்தது. அப்போது வேறொரு சிக்கல். கோப்புகளுக்கு இடம் ஒதுக்குவது கிளஸ்டர் என்ற அளவில்தான். 2 ஜி.பி. டிரைவில் ஒரு கிளஸ்டர் 32 கே.பி. நீங்கள் 1 கே.பி.க்கு ஒரு கடிதம் அடித்துச் சேமித்தாலும் 32 கே.பி. போய்விடும். ஒருவருக்கு மட்டும் சாப்பாடு போட ஒரு மண்டபத்தையே வாடகைக்கு எடுப்பது மாதிரி.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோப்புக்குச் சராசரியாகப் பாதி கிளஸ்டர் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 கோப்புகள் இருந்தால் 16 கே.பி. வீதம் சுமார் 156 எம்.பி. வீண். அதே 2 ஜி.பி.யை 500 எம்.பி. வீதம் நான்காகப் பிரித்தால் கிளஸ்டர் 8 கே.பி.யாகக் குறைகிறது. வீணாவது சுமார் 39 எம்.பி. மட்டுமே. பாகம் பிரித்ததால் மட்டும் 117 எம்.பி. மிச்சம்! வன்தட்டு விலை கூடுதலாக இருந்த காலத்தில் இது சின்ன லாபம் இல்லை. 1996ல் ஃபேட் 32 வந்த பிறகு இந்தக் காரணமும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் சி, டி, ஈ, எஃப் என்று பிரிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வைரஸ் வந்தால் சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பது புதிய காரணமானது.

ஊரைக் காலி செய்யாமல் கோட்டையை இடிப்பது

எஃப்டிஸ்க்கில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒருமுறை போட்ட எல்லையை மாற்ற வேண்டும் என்றால் பழைய பாகத்தையே அழிக்க வேண்டும். அதில் இருந்த அத்தனையும் போய்விடும்.

மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. ஊர் பெருகி இடம் போதாமல் போனபோது, 1837 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அந்தச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படிக் கிடைத்த இடத்தில் வந்தவை. இதற்காகக் கோயிலை நகர்த்தவில்லை, ஊரைக் காலி செய்யவில்லை. உள்ளே குடியிருந்தவர்கள் இருக்கும்போதே எல்லை மாறியது.

வன்தட்டில் இதே காரியத்தைப் பொதுமக்கள் செய்யும்படி எளிதாக்கியது பவர்குவெஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக். 1990களில் வந்த இந்த மென்பொருள் செய்தது பெயருக்கேற்ற மாயம்தான். ஆனால் உள்ளே நடப்பது மாயம் இல்லை, மூன்று படி வேலை. முதலில் பாகத்தின் கடைசியில் கிடக்கும் கோப்புகளை முன்பக்கத்துக் காலி இடத்துக்கு மாற்றும். பிறகு பத்திரத்தில் எல்லையைத் திருத்தும். கடைசியாக, விடுபட்ட இடத்தில் புதிய பாகத்தை உருவாக்கி ஃபார்மட் செய்யும்.

இந்த மூன்று படிகளுக்கு நடுவே மின்சாரம் போனால்? கோப்பு பாதி இங்கே, பாதி அங்கே. 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழகத்தைப் படுத்திய மின்வெட்டு நினைவிருப்பவர்களுக்கு இந்தப் பயம் விளக்காமலே புரியும். யுபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷனைத் தொடாதே என்ற அறிவுரை சும்மா வந்தது இல்லை.

2003ல் பவர்குவெஸ்ட்டை சைமன்டெக் வாங்கியது. சில ஆண்டுகளில் பார்ட்டிஷன் மேஜிக் நின்றுபோனது. அந்த இடத்துக்கு 2004ல் தொடங்கிய ஜிபார்ட்டட் என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் வந்தது. 2007ல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் பார்ட்டிஷனைச் சுருக்கும் வசதி உள்ளேயே சேர்க்கப்பட்டது.

இரண்டாவது வாரிசு

தமிழ்நாட்டில் இந்தப் பாகப்பிரிவினை பெரிய அளவில் நடந்தது லினக்ஸ் வந்த பிறகுதான். 2005 முதல் 2011 வரை உபுண்டு லினக்ஸ் குறுந்தகடுகளை, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். அதை நிறுவ முயன்ற மாணவர்கள் பலருக்கு முதல் பரீட்சையே விண்டோஸைக் கெடுக்காமல் இடம் பிரிப்பதுதான். அதே காலத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறி, அரசுப் பயன்பாட்டுக்கும் அதைக் கொண்டுபோக முனைந்தது. சென்னை சிடாக் நிறுவனம் பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்குவது அதன் சிறப்பு.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆக, மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளி மாணவர் கையிலும் ஏற்கெனவே பாகம் பிரித்த வன்தட்டு ஒன்று போய்ச் சேர்ந்தது.

இங்கேதான் ஒரு சங்கடம். லினக்ஸின் கோப்பு முறை விண்டோஸுக்குப் புரியாது. அந்தப் பாகத்துக்கு அது எழுத்து எதுவும் கொடுக்காது. விண்டோஸை மட்டுமே திறப்பவருக்கு இரண்டாவது வாரிசு இருப்பதே தெரியாது. பெயரில்லாமல் கிடக்கும் இடத்தை வீண் என்று நினைத்து அழித்தால் என்ன ஆகும்? எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் நிரலின் பெரும்பகுதி அந்த லினக்ஸ் பாகத்தில்தான் இருக்கும். அதுவும் சேர்ந்து போய்விடும். மறுநாள் விண்டோஸும் திறக்காது! ஒரு தம்பியை வீட்டை விட்டு அனுப்பியபோது வாசல் சாவியையும் அவனோடு அனுப்பிவிட்ட கதை.

ஃபார்மட் என்றால் அழிவா?

பேரேட்டில் எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று சொல்வது முன்னால் இருக்கும் அட்டவணை. அந்த அட்டவணையைக் கிழித்துவிட்டு வெற்று அட்டவணை ஒன்றை ஒட்டினால் உள்ளே எழுதியவை அழிந்துவிடுமா? விரைவு ஃபார்மட் செய்வது இதைத்தான். தரவு அப்படியே கிடக்கும், தேடும் வழிதான் போகும். அதனால்தான் தவறி ஃபார்மட் செய்தவர் அதன்மேல் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால் மீட்க வாய்ப்பு இருக்கிறது. அழிந்த பார்ட்டிஷன்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டிஸ்க் போன்ற மென்பொருள்கள் இந்த நம்பிக்கையில்தான் இயங்குகின்றன. விஸ்டா முதல் முழு ஃபார்மட் செய்தால் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் எழுதப்படுகிறது. அதற்குப் பின் மீட்க ஒன்றும் இருக்காது. பழைய வன்தட்டை விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1983ல் போட்ட 64 பைட் பத்திரமும் ஒருநாள் போதாமல் போனது. அதனால் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது. 2010ல் 3 டெராபைட் வன்தட்டுகள் வந்தபோது ஜிபிடி என்ற புதிய முறை அவசியமானது. அதில் பொதுவாக 128 பாகங்களுக்கு இடம் உண்டு. அதைவிட முக்கியம், பத்திரத்தின் நகல் ஒன்று தட்டின் கடைசியிலும் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும்.

அந்த நகலில்தான் இந்த வரலாறு சொல்லும் பாடமும் இருக்கிறது. சி கெட்டால் டி பிழைக்கும் என்பது விண்டோஸ் கெடும்வரை உண்மை. தட்டே கெட்டால் சி, டி, ஈ எல்லாம் ஒன்றாகத்தான் போகும். ஒரே கூரைக்குக் கீழே எத்தனை அறை கட்டினாலும் கூரை விழுந்தால் எல்லா அறையும் போயிற்று. ஓலைச்சுவடிகள் நம் கைக்கு வந்து சேர்ந்தது தனித்தனிப் பெட்டியில் பூட்டியதால் இல்லை, யாரோ பொறுமையாக உட்கார்ந்து படியெடுத்துக்கொண்டே இருந்ததால். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்ததிலும் அதே வழிதான். ஒரு நூல் ஆயிரம் பேர் தட்டில் இருந்தால் எந்த ஒரு தட்டு கெட்டாலும் நூல் கெடாது.

வன்தட்டைப் பிரிப்பது வசதிக்கு. காப்பாற்ற வேண்டும் என்றால் படியெடுத்து வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். அப்பா அம்மாவின் கல்யாணப் படங்கள் டி டிரைவில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்புகிறவர்கள் இன்றைக்கே ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.