பிரசங்கபீடத்தை இழந்த தகப்பன்



மத்தேயு ஹென்றியின் வேதாகம விளக்கவுரையைக் கேள்விப்படாத போதகர் நம்மிடையே அரிது. சனிக்கிழமை இரவில் பிரசங்கக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மூன்று நூற்றாண்டுகளாகத் துணைநிற்கும் நூல் அது. ஜார்ஜ் விட்ஃபீல்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒவ்வொரு ஊழியரும் ஒருமுறையாவது அதை முழுவதும் வாசிக்கவேண்டும் என்பது ஸ்பர்ஜனின் ஆலோசனை. ஆனால் அந்த நூல் பிறந்த இடம் கல்லூரியுமல்ல, ஆலயமுமல்ல. இங்கிலாந்தின் எல்லையை ஒட்டி, வேல்ஸ் நாட்டின் ஃபிளின்ட்ஷயரில் இருந்த பிராட் ஓக் என்னும் பண்ணை வீடு அது. அந்த வீட்டின் தலைவரான பிலிப் ஹென்றியைக் குறித்தே இவ்வாரம் சிந்திக்க விரும்புகிறேன்.

பிலிப் 1631 ஆகஸ்டு 24-இல் லண்டனின் ஒயிட்ஹால் அரண்மனை வளாகத்தில் பிறந்தார். அவருடைய தகப்பன் அரண்மனைத் தோட்டத்தின் காவலர். ஆதலால் பின்னாளில் அரசர்களான சார்லசும் ஜேம்சும் அவருடைய சிறுவயது விளையாட்டுத் தோழர்கள். ஆற்றோரப் படித்துறைக்குப் பேராயர் லாட் வரும்போது கதவைத் திறந்துவிடுவது இந்தச் சிறுவனின் வழக்கம். பேராயர் அவன்மேல் அன்பு காட்டுவாராம். லாட் பின்பு கோபுரச் சிறையில் அடைபட்டபோது, தகப்பன் மகனை அங்கே அழைத்துச் சென்றார். சிறையிலிருந்த அந்த முதியவர் அப்போதும் புதுக் காசுகளைக் கொடுத்தனுப்பினார். பியூரிட்டன்களை ஒடுக்கிய பேராயரைப் பற்றி, பியூரிட்டன் மரபில் ஊறிய ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த கதை இது. எதிராளியின் அன்பையும் மறைக்காமல் சொல்லும் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் சபைச் சரித்திரங்களில் அது அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

அவர் சொன்ன கதைகளில் மிகவும் கனமானது 1649 ஜனவரி 30-ஐப் பற்றியது. அரசர் முதலாம் சார்லசின் தலை துண்டிக்கப்பட்ட அன்று, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பதினேழு வயது பிலிப் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். கோடரி இறங்கிய கணத்தில் ஆயிரக்கணக்கானோரிடமிருந்து எழுந்த ஒருமித்த பெருமூச்சை வாழ்நாள் முழுவதும் அவர் மறக்கவில்லை. அப்படி ஒன்றை அதற்குமுன் கேட்டதில்லை, இனி கேட்கவும் விரும்பவில்லை என்பார். அந்தப் பெருமூச்சை இன்று உலகம் அறிந்திருப்பதற்குக் காரணம், அடுப்பங்கரையோரம் அதைக் கேட்ட மகன் பின்னாளில் அதை எழுதிவைத்ததுதான்.

பிலிப் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் டாக்டர் பஸ்பியிடம் பயின்றவர். 1653-இல் வொர்தன்பரி என்னும் சிற்றூருக்குச் சென்று, நீதிபதி புலெஸ்டனின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டியபடி ஊர்மக்களுக்குப் பிரசங்கித்தார். 1660-இல் பிராட் ஓக் வீட்டுப் பெண் கேத்தரின் மேத்யூசை மணந்தார். பெண்ணின் தகப்பன் முதலில் தயங்கியதாகவும், இவர் எங்கிருந்து வந்தவர் என்பதே தெரியவில்லையே என்று கேட்டதற்கு, எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும், உடன்போக விரும்புகிறேன் என்று அவள் விடையளித்ததாகவும் ஒரு மரபுவழிக் கதை உண்டு.

அதற்குள் நாட்டில் முடியாட்சி திரும்பியது. 1661-இலேயே வொர்தன்பரி பிரசங்கபீடம் அவர் கையைவிட்டுப் போயிற்று. மறுவருடம் வந்த ஒருமைப்பாட்டுச் சட்டம் கதவை முற்றிலும் அடைத்தது. பிரஸ்பிட்டேரியன் முறையில் பெற்ற குருத்துவ அபிஷேகம் செல்லாதென்று ஒப்புக்கொண்டு, ஆயரின் கையால் மீண்டும் அபிஷேகம் பெற அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. ஏறத்தாழ 2000 ஊழியர்கள் இவ்விதம் சபையை இழந்தனர். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1662 ஆகஸ்டு 24, அவருடைய பிறந்தநாள். தாம் பிறந்த அதே தேதியில் சட்டத்தின் கணக்கில் இறந்துபோனதாக அவர் குறித்துவைத்தார். இரண்டு மாதங்களுக்குள், அக்டோபர் 18-இல், பலவீனமான ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அதற்கு மத்தேயு என்று பெயரிட்டார்கள்.

கிரேக்கமும் எபிரெயமும் கற்ற முப்பத்தொரு வயதுப் பிரசங்கியாருக்கு இனிப் பிரசங்கபீடம் இல்லை. அவர் என்ன செய்தார்? ஞாயிறுதோறும் குடும்பத்தோடு அருகிலிருந்த ஆலயத்துக்குப் போய், சாதாரண விசுவாசியாக அமர்ந்து, பிறர் பிரசங்கத்தைக் கேட்டார். அவரைவிடக் குறைந்த கல்வியுடையோர் பேசியதையும் கசப்பின்றிக் கேட்டார். எனக்கு அது கூடியிருக்குமா என்று தெரியவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, கேட்டதைப் பிள்ளைகளுக்கு விளக்கினார்.

பிராட் ஓக்கின் அன்றாட ஒழுங்கை மகன் விவரமாக எழுதியிருக்கிறார். காலையும் மாலையும் குடும்ப ஆராதனை உண்டு. வேதாகமத்தை வரிசையாக வாசித்து, தகப்பன் எளிய சொற்களில் விளக்குவார். வியாழன் மாலை வினாவிடை. சனிக்கிழமை மாலை, அவ்வாரம் கேட்ட அதிகாரங்களில் நினைவில் நின்றதைப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். மாலை ஜெபத்தை இரவு ஆழ்ந்தபின் வைக்க அவர் சம்மதிப்பதில்லை. எல்லாரும் தூங்கிவழிவதைவிட, ஒருவர் வராமற்போனாலும் பரவாயில்லை என்பது அவர் கொள்கை. (இரவு பத்தரைக்குக் குடும்ப ஜெபம் வைக்கும் நம் வீடுகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.) ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் முழங்காலிட, தகப்பன் அவர்களை ஆசீர்வதிப்பார். ஞானஸ்நான உடன்படிக்கையைச் சிறிய அறிக்கையாக அவரே எழுதி, ஞாயிறு மாலைகளில் சொல்லவைத்தார். வயது வந்தபோது பிள்ளைகள் அதைத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டார்கள். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் மோசே இஸ்ரவேலின் தகப்பன்மாருக்குக் கட்டளையிட்டது ஒரு வீட்டில் கால அட்டவணையாக மாறியது என்றே சொல்வேன்.

இது துயரமற்ற வீடு என்று எண்ணவேண்டாம். மூத்த மகன் ஜான் 1667-இல் தட்டம்மையால் ஏறத்தாழ ஆறு வயதில் மரித்தான். ஊழியர்கள் தங்கள் பழைய சபைக்கு ஐந்து மைலுக்குள் வசிக்கக்கூடாதென்ற சட்டம் வந்தபோது, பிராட் ஓக்குக்கும் வொர்தன்பரிக்குமான தூரம் பிரச்சினையாகி, குடும்பம் சிறிதுகாலம் இடம்பெயர்ந்தது. தடைசெய்யப்பட்ட கூட்டம் நடத்தியதாக அபராதம் விதித்து, தானியத்தையும் வைக்கோலையும் வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். 1685-இல் மான்மத் கலகத்தின்போது செஸ்டர் கோட்டையில் மூன்று வாரம் சிறையிருந்தார். இவற்றையெல்லாம் பிள்ளைகள் கண்ணாரக் கண்டார்கள். தகப்பனின் போதனை மெய்யா பொய்யா என்று அறிய அவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

பஸ்பியைப் பிற்காலத்தில் சந்தித்தபோது நடந்ததையும் சொல்லவேண்டும். உன்னை இப்படி ஒத்துப்போகாதவனாக்கியது யார் என்று பழைய ஆசிரியர் கேட்டார். நீங்கள்தான் ஐயா, ஒத்துப்போகவிடாத காரியங்களை எனக்குக் கற்பித்தவர் நீங்களே என்று மாணவர் பதிலளித்தார். கற்பிக்கிறவர் எதை விதைக்கிறோம் என்று முழுவதும் அறிவதில்லை.

மத்தேயு லண்டனில் சட்டம் பயின்று, 1687-இல் செஸ்டர் நகரில் ஊழியத்தைத் தொடங்கினார். தகப்பன் 1696 ஜூன் 24-இல் காலமானார். இரண்டு வருடத்தில் மகன் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். 1704 நவம்பர் 12-இல் விளக்கவுரையைத் தொடங்கினார். பிராட் ஓக் மேசையில் பிள்ளைகள் எழுதிக்கொண்ட தகப்பனின் குறிப்புகள் அவர் கையிலிருந்தன. அதிகாரத்தைக் கிரமமாகப் பகுப்பதும், ஒரு கூர்மையான வாக்கியத்தில் பொருளை முடிப்பதும், அறிஞர் மொழியை வீட்டுமொழியாக்குவதும் அந்த மாலைகளின் சுவடுகளே. அப்போஸ்தலர் நடபடிகள் வரை எழுதி முடித்து, 1714 ஜூன் 22-இல் பயணத்தின் நடுவில் நான்ட்விச்சில் மரித்தார். எஞ்சிய நிருபங்களை வேறு ஊழியர்கள் நிறைவேற்றினார்கள்.

மத்தேயுவின் மகன் தாத்தாவின் பெயரைப் பெற்றிருந்தும், பின்பு தாய்வழிப் பெயரான வார்பர்ட்டனை ஏற்று, பாராளுமன்ற உறுப்பினரானான். ஊழியப் பாதை அவனோடு தொடரவில்லை. விசுவாசம் வீடும் நிலமும்போல் பத்திரம் எழுதிக்கொடுக்கக்கூடிய சொத்தல்ல.

ஆனால் அந்த வீட்டில் சாராள் என்று ஒரு மகள் இருந்தாள். மத்தேயுவுக்கு இரண்டு வயது இளையவள். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவே அரிதாயிருந்த நாளில், ஆறேழு வயதில் அவளுக்குத் தகப்பன் எபிரெயம் கற்பித்தார். சங்கீதத்தை மூலமொழியில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிரசங்கபீடம் அவளுக்கும் இல்லை. தகப்பனைப்போலவே அவளும் எழுதினாள். 1686-இல், இருபத்திரண்டாம் வயதில், ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினாள். மறுவருடம் மணமாகி ரென்பரி வுட் என்னும் பண்ணைக்குப் போனபின்பும் எழுதினாள். தகப்பனையும் அண்ணனையும் அடக்கம்செய்த பின்பும் நெடுநாள் வாழ்ந்தாள். 1752-இல், எண்பத்தேழாம் வயதில் அவள் கண்மூடியபோது, பிராட் ஓக் மேசையைச் சுற்றி அமர்ந்த ஆறு பிள்ளைகளில் ஒருவரும் மீந்திருக்கவில்லை. அவளுடைய குறிப்பேடுகள் மட்டும் இன்றும் இருக்கின்றன.