பூஞ்சைப் படலமும் மருந்தும்: மீனுக்கும் மனிதனுக்கும் பொதுவான ஒரு வரலாறு



மீன்தொட்டியைச் சில நாள்கள் கழுவாமல் விட்டால், கண்ணாடியின் உட்புறத்தில் வழுவழுப்பான படலம் ஒன்று படிந்துவிடும். தாத்தா பாட்டியின் செயற்கைப் பற்களிலும் அத்தகைய படலம் படிவதுண்டு. நுண்ணுயிர்கள் ஒன்றுகூடிப் பசைபோன்ற பொருளைச் சுரந்து, அதனுள் குடியிருக்கும் இவ்வமைப்பை ‘உயிரிப்படலம்’ என்பர். பூஞ்சைகளும் இவ்வாறு குடியேறுகின்றன. குடியேறிய பின் அவற்றை மருந்தால் அழிப்பது அரிதாகிறது. மருத்துவ உலகம் இவ்வுண்மையை உணர்ந்த வரலாறு நாம் அறிய வேண்டியதாகும்.

முதலில் மீன்களின் கதையைப் பார்ப்போம். 1870-களின் இறுதியில் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய ஆறுகளில் சால்மன் மீன்கள் திரள்திரளாக மடிந்தன. அவற்றின் உடலில் பஞ்சு ஒட்டியது போன்ற வெண்படை காணப்பட்டது. புகழ்பெற்ற அறிவியலறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி இந்நோயை ஆராய்ந்து, அதற்கும் ‘சாப்ரோலெக்னியா’ என்னும் உயிரிக்கும் உள்ள தொடர்பை 1882-இல் எழுதினார். அன்று பூஞ்சை எனக் கருதப்பட்ட அவ்வுயிரியை இன்றைய அறிவியல் பூஞ்சையை ஒத்த வேறு இனமாக வகைப்படுத்துகிறது. எனினும் மீன் வளர்ப்போர் வழக்கில் அது இன்றும் பூஞ்சைதான்.

அதற்கு மருந்தாக 1936-இல் முன்வைக்கப்பட்டது ‘மாலகைட் பச்சை’ என்னும் துணிச்சாயம். விலை மலிவு; பலனோ மிகுதி. ஆனால் அதன் எச்சம் மீனின் தசையில் தங்குவதும், அதனால் உண்போருக்குத் தீங்கு நேரலாம் என்பதும் பின்னர் தெரியவந்தன. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உணவு மீன்களுக்கு அதனைப் பயன்படுத்த அனுமதி இல்லை. நோயைத் தீர்த்த மருந்தே நஞ்சாகக் கருதப்படும் நிலை வந்தது.

இனி மனிதரின் கதை. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலாளர்கள், ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்தவாறே ஆய்வு மாதிரிகளை அஞ்சலில் பரிமாறி உழைத்தனர். வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரே அவர்களுக்கு வழிகாட்டியது. 1950-இல் அறிவிக்கப்பட்ட அம்மருந்து, நியூயார்க் மாநிலத்தின் பெயரால் ‘நிஸ்டாட்டின்’ எனப்பட்டது. அதனால் கிடைத்த உரிமத்தொகை முழுவதையும் அவ்விருவரும் அறிவியல் ஆய்வுக்கே அளித்தனர். நம் மாணவியருக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இது.

நிஸ்டாட்டின் தோலிலும் வாயிலும் குடலிலும் பயன்பட்டது. அடுத்து வந்த ‘ஆம்போடெரிசின் பி’ உடலின் உள்ளே சென்று பூஞ்சையை அழித்தது. ஆயினும் சிறுநீரகத்தைத் தாக்கியது. 1990-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘புளூகோனசோல்’ மாத்திரையாகவே உட்கொள்ளத்தக்கதாய் அமைந்தது. போர் முடிந்தது எனப் பலர் எண்ணினர்.

ஆனால் முடியவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயாளிகளின் உடலில் செருகப்படும் குழாய்களுக்கான பொருள்களின்மீது ‘கேண்டிடா’ பூஞ்சை படலம் அமைப்பதை 1994-இல் விளக்கினர். தனித்து மிதக்கும் பூஞ்சையைக் கொல்லும் அளவு மருந்து, படலத்தில் வாழும் பூஞ்சையைக் கொல்லவில்லை என்பதை மறு ஆண்டில் காட்டினர். படலத்திலுள்ள ‘குளூக்கான்’ என்னும் சர்க்கரைப் பொருள் மருந்தை வழியிலேயே பிடித்து நிறுத்திவிடுகிறது. உள்ளே புகுந்த மருந்தையும் பூஞ்சை வெளியே தள்ளிவிடுகிறது. அதுவரை நாம் பகைவனை மட்டும் குறிவைத்தோம். அவன் கோட்டையை மறந்தோம்.

2001-இல் வந்த ‘காஸ்போபஞ்சின்’ அந்தக் குளூக்கான் உருவாவதையே தடுக்கிறது. ஆகவே அது படலத்துக்கு எதிராகவும் ஓரளவு வலிமை பெற்றுள்ளது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, வாரம் ஒருமுறை செலுத்தும் ‘ரெசாபஞ்சின்’ 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூஞ்சை படிந்த குழாயை அகற்றுவதும் சிகிச்சையின் முக்கியப் பகுதியாகும். மீன்களுக்கோ, நார்வே ஆய்வாளர்கள் சாப்ரோலெக்னியாவின் வித்துகள் முளைப்பதை போரிக் அமிலம் தடுப்பதாக 2014-இல் அறிவித்தனர். புதிய மருந்துகளைச் சோதிக்க வரிக்குதிரை மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுகள் உதவுகின்றன. மீன் இங்கே நோயாளியாகவும் இருக்கிறது, மருத்துவனுக்குத் துணையாகவும் இருக்கிறது.

ஆயினும் அச்சம் நீங்கவில்லை. 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ‘கேண்டிடா ஆரிஸ்’ பல மருந்துகளை எதிர்த்து நிற்பது. மருத்துவமனைப் பொருள்களின் மேற்பரப்பில் நெடுநாள் வாழ்வது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக முக்கியமான நான்கனுள் அதுவும் ஒன்று. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோருக்கு இஃது உயிர்ப் பிரச்சினை.

புதிய மருந்துகள் வரட்டும், வரவேற்போம். ஆனால் படலம் முதிர்வதற்கு முன்பே அதனைக் களைவது நம் கையில் உள்ளது. பெரியவர்களின் செயற்கைப் பற்களை நாள்தோறும் தேய்த்துக் கழுவி, இரவில் கழற்றி வைக்கச் செய்வோம். மருத்துவர் தந்த மருந்தைச் சொன்ன காலம்வரை தவறாமல் உட்கொள்வோம். மீன்தொட்டியில் மருந்தை ஊற்றுமுன் அதன் சுவரைத் தேய்க்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். அறிவியல் பாடத்தில் ‘நுண்ணுயிர்’ வரும்போது இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால், கழுவும் கைகள் காரணம் அறிந்து கழுவும்.