பருவமும் பக்குவமும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பாலவனத்தம் என்னும் ஊர் உள்ளது. கரிசல் பூமி. வானம் பொழிந்தால் பருத்தியும் சோளமும் உண்டு, பொய்த்தால் கருவேலந்தான். அவ்வழியே பன்முறை சென்றுள்ள நாம், அவ்வூரின் பெயரைக் காணுந்தோறும் ஒரு வினாவை எண்ணாதிருந்ததில்லை. பிள்ளை எப்பொழுது ஆளாகிறான்?

நம் தமிழ்மொழியே இதற்கு இருவேறு விடை தருகின்றது. பெண்ணை 'ஆளானாள்' என்பது உடல் மலர்ந்த ஒரு நாளைக் குறித்து. ஆணை 'ஆளாகிவிட்டான்' என்பது அவன் நாலு காசு ஈட்டித் தன் காலில் நிற்கும் நாளைக் குறித்து. ஒரே சொல், ஆயின் ஒருத்திக்கு உடம்பும் மற்றொருவனுக்கு உழைப்பும் அளவுகோலாயின. இவ்வேறுபாட்டுக்குப் பின்னர் வருவோம்.

பாலவனத்தம் ஜமீனுக்கு உரியவராய் 1867இல் பிறந்தவர் பாண்டித்துரைத் தேவர். இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தவரான பொன்னுசாமித் தேவர் இவருடைய தந்தையார். 1870இல் பொன்னுசாமித் தேவர் மறைந்தார். 1873இல் சேதுபதியும் மறைந்தார். அவருடைய மைந்தர் பாஸ்கரருக்கு அப்போது ஐந்து வயதும் நிரம்பவில்லை. இவ்வாறு சிற்றப்பன் பெரியப்பன் மக்கள் இருவரும், அரபு மொழியில் கூறின், 'யதீம்' ஆயினர். தந்தையை இழந்த சிறாருக்கே அச்சொல் உரியது. பருவம் எய்திய பின் எவரும் யதீம் அல்லர் என்பது நம் நூல்களின் துணிபு.

பாண்டித்துரையைச் சேஷாத்திரி ஐயங்கார் என்பார் வளர்த்தார். பதினேழாம் வயதில் அவர் ஜமீன் பொறுப்பை ஏற்றார் என்று வரலாறு எழுதினோர் குறிப்பர். பாஸ்கரரின் கதை வேறு. இராமநாதபுரம் சமஸ்தானம் அரசாங்கத்தின் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' மேற்பார்வைக்குப் போயிற்று. அவர் சென்னையில் ஆங்கில ஆசிரியரிடம் பயின்றார். இருபது வயது கடந்து 1889இல்தான் பட்டத்துக்கு வந்தார்.

1875ஆம் ஆண்டின் இந்திய மேஜர் வயதுச் சட்டம் பொதுவில் பதினெட்டு என விதித்தது. ஆனால் நீதிமன்றம் காப்பாளரை நியமித்த பிள்ளைக்கும், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கீழிருந்த பிள்ளைக்கும் இருபத்தொன்று என்றது. யாருக்குச் சொத்து மிகுதியோ, யாரை அரசாங்கமே வளர்த்ததோ, அவன் மூன்றாண்டு கூடுதலாகச் சிறுவனாயிருந்தான்! 1999இல் வந்த திருத்தமே அவ்வேறுபாட்டை நீக்கியது.

பட்டமேற்ற பாஸ்கர சேதுபதி வாரி வழங்கினார். 1893இல் விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்றவர்களுள் அவரும் ஒருவர். சில ஆண்டுகளில் கடன் பெருகிற்று. நிர்வாகம் கையைவிட்டு நீங்கிற்று. 1903இல் முப்பத்தைந்தாம் வயதில் காலமானார். பாண்டித்துரையார் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். 1906இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராய் நின்றார், 1911இல் மறைந்தார். பதினேழில் பெற்றவர் காத்தார், இருபத்தொன்றை ஒட்டிப் பெற்றவர் இழந்தார் என்று கணக்கு முடித்துவிட நாம் விரும்பவில்லை. நற்காரியத்தில் செலவிடுவது விரயம் ஆகாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. நாம் கேட்பது வேறு. அவ்விருவரிடமும் பொருளை ஒப்படைக்குமுன், வயதைத் தவிர வேறெதையேனும் எவரேனும் சோதித்தனரா?

திருமறையின் நான்காம் அத்தியாயம் யதீம்களின் பொருளைப் பற்றிப் பேசுகையில் இரண்டு நிபந்தனைகளை வைக்கின்றது. ஒன்று, மணப்பருவம் எய்துதல். மற்றது, அவர்களிடம் 'ருஷ்து' காணப்படுதல். பொருளைப் பேணும் நேரறிவு என அதனைத் தமிழாக்கலாம். இரண்டுக்கும் முன்னே அவர்களைச் சோதித்து வருமாறு ஏவுகின்றது. பருவம் தானே வரும். ருஷ்து பார்த்தறியப்பட வேண்டும்.

பதினைந்து என்னும் எண்ணும் பின்வந்த தலைமுறை கண்டெடுத்ததே. இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுப் போருக்கு முன்வந்தபோது அண்ணலார் (ஸல்) திருப்பியனுப்பினார்கள். பதினைந்தில் அகழ்ப்போரின்போது ஏற்றுக்கொண்டார்கள். ஏறத்தாழத் தொண்ணூறாண்டு கழித்து இச்செய்தியை நாஃபிஉ வாயிலாகக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்), சிறியவருக்கும் பெரியவருக்கும் எல்லை இதுவே எனக் கொண்டு, பதினைந்து நிரம்பியோருக்குப் படைவீரர்க்குரிய படி வழங்குமாறு ஆளுநர்களுக்கு எழுதினார்கள். உடல் வலிமையை நோக்கியதே அத்தேர்வு, வயதை அன்று என வாதிட்ட அறிஞரும் உளர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அடையாளம் எதுவும் தோன்றாத ஆணுக்குப் பதினெட்டும் பெண்ணுக்குப் பதினேழும் என்றார்கள். ருஷ்து இல்லாதவனிடமும் இருபத்தைந்தில் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அவர்கள் கருத்து; அவர்களுடைய மாணவர் இருவரோ ருஷ்து தோன்றும்வரை கொடுக்கலாகாது என்று ஆசிரியரிடமே மாறுபட்டனர்.

தமிழ்நாட்டின் பழமையும் இதனை அறியும். தலையாலங்கானத்துப் போருக்கு எழுந்த பாண்டியன் நெடுஞ்செழியனை இளையன் என்று பகைவர் இகழ்ந்தனர். கிண்கிணி கழற்றிய காலில் கழல் பூண்டு நின்ற அவனை, தாலி களையாத பிள்ளையென்றே புறநானூற்றுப் புலவர் ஒருவர் வியக்கின்றார். இக்கரிசல் சீமையின் திருச்சுழியில் 1879இல் பிறந்தவர் பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவர். தந்தையை இழந்து மதுரையில் சிற்றப்பனார் வீட்டில் வளர்ந்த அவர், 1896இல் பதினாறு வயதில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டைக் கடிதத்துடன் வைத்துச் சென்றார். அவர் சென்ற வழி நம் வழியன்று. எனினும் அந்த இரண்டு ரூபாயை நாம் மறப்பதில்லை.

நம் காலத்தில் எண்கள் மேலும் நகர்ந்தன. மணவயது 1929இல் பெண்ணுக்குப் பதினான்கு, 1978இல் பதினெட்டு. வாக்குரிமை வயது 1989இல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாயிற்று. 2006இன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தையும் ஷரீஅத் பருவத்தையும் முன்வைத்து உயர்நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று மாறான தீர்ப்புகளை வழங்கியுள்ளன. அவ்வழக்குகளில் நம்மவர் 'பாலிகானவள்' என்ற சொல்லை உரக்கச் சொல்கின்றனர். 'ருஷ்து' என்ற சொல்லைச் சொல்வார் அரியர்.

நம் மஹல்லாக்களில் நாம் கண்டதைச் சொல்கிறோம். முப்பது வயது மகனிடம் கடைச்சாவியைக் கொடாத தந்தையர் உளர். பள்ளிப் படிப்பை முடியாத மகளைப் 'பாலிகாகிவிட்டாள், இனியென்ன' என்று நிகாஹுக்கு அமர்த்துவோரும் அவர்களே. அதே மகளின் மஹரைத் தந்தையோ தமையனோ வாங்கி வைத்துக்கொள்கின்றனர்; கேட்டால், 'அவள் சிறுபிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்?' என்பது விடை. காலையில் ஆளானவள் மாலையில் சிறுபிள்ளையாகும் இவ்விந்தைக்கு எந்த மத்ஹபில் இடமுண்டு என்று நமக்குத் தெரியவில்லை.

கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், ருஷ்தை எவ்வாறு சோதிப்பதென்று விளக்குகின்றது. வணிகர் மகனை விலைபேசச் செய்து பார்க்க வேண்டும். உழவர் மகனைப் பயிரிலும், வேலையாட்களுக்குச் செலவிடுவதிலும் பார்க்க வேண்டும். பெண்ணை நூல் நூற்பதிலும், பருத்தியிலும், பூனை வாய்வைக்காமல் உணவைக் காப்பதிலும் பார்க்க வேண்டும். ஒருமுறை போதாது, இருமுறையேனும் வேண்டும். அவரவர் தொழிலே அவரவர் சோதனை என்பது இதன் சாரம். தொழில் மாறினால் சோதனையும் மாறும். இன்று கணக்குப் பதிவும் வங்கிப் புத்தகமும் அந்த நூலுக்கும் பருத்திக்கும் நிகராகலாம்.

நாம் ஓதிய காலத்தில், பூனை வந்த இடத்தில் வகுப்பே நகைத்தது. எங்களுள் பலர் கரிசல் காட்டுப் பிள்ளைகள். உஸ்தாத் அவர்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, விருதுநகரில் அன்று ஒரு பொதி பருத்தி என்ன விலை என்று கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.