திதிக் கல்வெட்டும் குலவரலாறும்

மேனாட்டார் தம் பூட்டன் பெயரைத் தேடப் புறப்படின் கல்லறைத் தோட்டத்துக்கே முதலிற் செல்வர். இன்று அந்நாடுகளின் புதைகுழிப் பதிவுகளும் தகனசாலைப் பதிவுகளும் இணையத்தில் ஏறியுள்ளன. உடலை எரியூட்டிச் சாம்பரைக் கீரிமலைக் கடலிற் கரைக்கும் நமக்கோ கல்லறையுமில்லை, அதன்மீது பெயருமில்லை.

ஆயினும் யாழ்ப்பாணத்தார் கடதாசியில் ஒரு கல் நாட்டினர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தோர் கையிற் கொடுக்கும் 'கல்வெட்டு' என்னும் சிறு நூலையே கூறுகின்றோம். ஊர், பெற்றோர், மணஞ்செய்த இடம் யாவும் செய்யுளாய் வரும். பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எனத் தொடர்தலின், அழுகின்றார் நிரையே வமிசாவளியாகிவிடும். புகழ்ச்சியைப் புலவர்கள் தாராளமாகவே அளந்தனர்; திதி வெண்பாவில் மட்டும் கணக்காயிருந்தனர், ஆண்டுத் திவசம் அதனை நம்பியே நடப்பதால். ஆனால் வருடப்பெயர் அறுபதாண்டுக்கொருமுறை திரும்பும். 'விகாரி' என்றால் 1899இல் தொடங்கியதோ, 1959இல் தொடங்கியதோ, 2019இல் தொடங்கியதோ? பேரப்பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தே துணிதல் வேண்டும்.

2000ஆம் ஆண்டுப் போரிற் சாவகச்சேரி நகர் இடிபாடாயிற்று. வீட்டுப் பெட்டகங்களிலிருந்த கல்வெட்டுக்கள் வீட்டோடு போயின. எனினும் அந்தியேட்டிக்கு வந்தோரெல்லாம் ஒவ்வொரு பிரதி கொண்டு சென்றனரன்றோ? இங்கே அழிந்தது கொழும்பிலோ கோலாலம்பூரிலோ ஓர் உறவினர் அலுமாரியில் இருத்தல் கூடும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு மலர்களை இணையத்தில் ஏற்றி வைத்துள்ளது. அரசாங்க மரணப் பதிவு இறந்த நாளையும் காரணத்தையும் தரும். பூட்டி எவ்வூரிலிருந்து தென்மராட்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள் என்பதற்குக் கல்வெட்டைத்தான் புரட்ட வேண்டும். அங்கத்தவர் வீடுகளில் எஞ்சிய பிரதிகளைக் கறையான் முந்துமுன் படம் பிடித்து வைத்தல் நன்று.