தாத்தாவின் கையும் பால் நிறத் தண்ணீரும்

போன மாதம் அப்பா கோயமுத்தூரிலிருந்து புனேவுக்கு வந்திருந்தார். ஒருநாள் சாயங்காலம் என் பெண் அவர் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க கை ஏன் இப்படி வெடிச்சு வெடிச்சு இருக்கு?" என்றாள்.

"அது கூலண்ட் தின்ன கை கண்ணு" என்றார் அப்பா.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். நானும் இங்கே மெஷின் ஷாப்பில்தான் இருக்கிறேன். ஆனால் சி.என்.சி. மெஷினின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்! என் கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அவளுக்குச் சொன்ன கதையைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா என்ன வேலை செய்தார் என்றே தெரியாது.

முதலில் சூடு. டிரில் போடும்போது இரும்பு கிழிபடுகிறது, கிழிந்த சுருள் டிரில்லின் முனையில் உரசிக்கொண்டே வெளியே வருகிறது. சூட்டில் பெரும்பங்கு அந்தச் சுருளோடு போய்விடும். மிச்சமிருப்பது முனையில் ஏறினால் முனை மழுங்கிவிடும்.

இந்தச் சூட்டை உட்கார்ந்து அளந்தவர் ரம்ஃபோர்ட் பிரபு. ஜெர்மனியில், மியூனிக் ஆயுதசாலையில் பித்தளை பீரங்கி குடையும் வேலையை மேற்பார்த்தவர். மழுங்கின துளைகருவி ஒன்றை வேண்டுமென்றே வைத்து, பீரங்கி உலோகத்தைச் சுற்றிப் பெட்டி கட்டி, அதில் ஏறக்குறைய எட்டரை கிலோ தண்ணீர் ஊற்றி, குதிரையை விட்டுச் சுற்ற வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சூடு என்பது ஒரு பொருளல்ல, அசைவிலிருந்து பிறப்பது என்று சொன்ன அவருடைய கட்டுரை 1798-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. பாருங்கள், அவர் தண்ணீர் ஊற்றியது சூட்டை அளக்க. கருவியைக் காப்பாற்ற அல்ல.

அதைக் கணக்குப் போட்டவர் அமெரிக்காவின் ஃப்ரெடரிக் டெய்லர். அவருக்கு முன்பும் பட்டறைகளில் தண்ணீரும் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் உண்டு. ஆனால் வெட்டும் இடத்தில் கனமாகத் தண்ணீர் பாய்ச்சினால் 30 முதல் 40 சதவீதம் வேகம் கூட்டலாம் என்று ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் சோதனை செய்து காட்டியவர் அவர்தான். 1884-ல் அங்கே கட்டிய புதுப் பட்டறையில் எல்லா மெஷினுக்கும் மேல்தொட்டியிலிருந்து குழாய் போட்டார்கள். துரு பிடிக்காமலிருக்கத் தண்ணீரில் சோடா. வடிந்தது கீழே கிணற்றில் சேர்ந்து, பம்பில் மறுபடி மேலே ஏறும். இன்றைய மெஷினிலும் இதே சுற்றுதான். வேடிக்கை என்னவென்றால், அடுத்த பதினைந்து வருஷம் மற்றவர்கள் ஏறக்குறைய யாருமே இதைச் செய்யவில்லை. தண்ணீர்தானே என்ற அலட்சியமோ என்னவோ! டெய்லர் 26 வருஷச் சோதனைகளைத் தொகுத்து 1906-ல் வெளியிட்டார்.

தண்ணீர் குளிர்விக்கும், ஆனால் வழுக்காது, துருவும் பிடிக்கும். எண்ணெய் வழுக்கும், ஆனால் சூட்டை அவ்வளவாக இழுக்காது. இரண்டையும் கலந்தால்? சோப்பு மாதிரி ஒன்றைச் சேர்த்தால் கலந்து நிற்கும். அதுதான் அப்பா சொல்லும் பால் மாதிரித் தண்ணீர். அப்பாவின் சூத்திரம் இன்னும் எளிது: "இரும்புக்குக் கூலண்ட், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், காஸ்ட் அயர்னுக்கு ஒண்ணும் வேண்டாம்." காஸ்ட் அயர்னில் கிராஃபைட் இருப்பதால் அதுவே வழுக்கல் கொடுக்கும், ஈரம் பட்டால் தூள் சேறாகிவிடும். காரணம் படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை கருவியின் கதை. கருவிக்குப் பக்கத்தில் நின்ற ஆளின் கதை வேறு.

1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விரைப்பையில் வரும் புற்றுநோய் கரியால் வருவது என்றார். 1922-ல் அதே நோய் மான்செஸ்டர் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளர்களிடம் எண்ணெயால் வருவதாக மருத்துவர்கள் எழுதினார்கள். 1950 வாக்கில் பர்மிங்காமில் லேத் ஆட்களிடமும் கண்டார்கள். மெஷின் மேல் குனிந்து குனிந்து, எண்ணெயில் ஊறின கால்சட்டையோடு வேலை செய்தவர்கள் அவர்கள். ஒரு போல்ட் நட் தொழிற்சாலையில் டூல் செட்டர் ஒருவர் இந்த நோயில் இறந்தார். மனைவி வழக்குப் போட்டார். தொழிற்சாலைக்கென்று முழுநேர மருத்துவரே இருந்தார், ஆபத்தும் அவருக்குத் தெரியும். ஆனாலும் தொழிலாளர்களுக்கு எச்சரிக்கைத் தாளும் கொடுக்கவில்லை, முறையான பரிசோதனையும் வைக்கவில்லை. 1968-ல் அந்த அம்மா ஜெயித்தார். தெரிந்த ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்லாமலிருப்பது அலட்சியம் என்பதற்கு இன்றும் காட்டப்படும் தீர்ப்பு அது.

இன்று நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய்கள் வந்துவிட்டன. சரியாகச் சுத்திகரிக்காத கனிம எண்ணெயை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியான வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் தோல் வெடிப்பும், எண்ணெய்ப் பனியால் வரும் இளைப்பும் இன்னும் போகவில்லை. 1998-ல் அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனம், நுரையீரலுக்குள் போகக்கூடிய பனி ஒரு கனமீட்டர் காற்றில் 0.4 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. கூலண்டையே குறைத்து, மணிக்குச் சில மில்லிலிட்டர் எண்ணெயை மட்டும் தூவி வெட்டுகிற முறையும் வந்திருக்கிறது.

அப்பாவிடம் கேட்டேன், "அப்ப யாருமே உங்ககிட்ட சொல்லலையாங்கப்பா?"

"சாயங்காலம் மரத்தூள்ல கையைத் தேச்சுட்டு, வேஸ்ட் துணியில தொடச்சுட்டு வருவோம். கைக்குன்னு யாரு என்ன சொன்னா? டிரில் உடைஞ்சாத்தான் சூப்பர்வைசர் ஓடி வருவாரு" என்றார் சிரித்துக்கொண்டே.

மறுநாள் ஷாப்புக்குப் போனதும் முதல் வேலையாக ஆபரேட்டர் பையன்களின் கையைப் பார்த்தேன். இரண்டு பேருக்கு விரலிடுக்கில் சிவந்திருந்தது. இத்தனை வருஷம் தினமும் அவர்களோடு பேசுகிறேன். அன்றுவரை நான் பார்த்ததெல்லாம் மெஷினைத்தான்.