கவிஞர் இல்லமும் தோட்டத்து லயன் வீடும்

சுப்பிரமணிய பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த இல்லம் புதுப்பிக்கப்பெற்று, அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. 1921இல் அவர் மறைந்த திருவல்லிக்கேணி இல்லமும் அரசின் நினைவிடமாயிற்று. இரண்டும் வாடகை வீடுகளே. ஆகவே, ஓர் இல்லத்தை வரலாற்றுச் சின்னமாக்குவது உடைமையன்று. அங்குப் பிறந்த எழுத்தேயாகும்.

இவ்வுண்மை பேராக் மாநிலத்திற்குப் பெரிதும் பொருந்தும். ரப்பர் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகள் நிருவாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். பால்மரக் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டபோது லயன்கள் பல அழிந்தன. தாலாட்டும் ஒப்பாரியும் தோட்டப் பாடல்களும் ஒலித்த இடங்கள் அடையாளம் இழந்தன. மாறாக, ஈப்போவை அடுத்த பத்து காஜாவில், தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற மாளிகை இன்று சுற்றுலாத் தலமாகத் திகழ்கிறது.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காக இரங்கிப் பாடியவர் பாரதியார். அவர் இல்லத்தைக் காணச் செல்லும் மலேசியத் தமிழாசிரியர், எஞ்சியுள்ள லயன்களையும் நினைத்தல் தகும். முதியோர் பாடல்களைத் தோட்டத்தின் பெயரோடு பதிவு செய்வதும், ஒரு லயனையேனும் காப்பதும் காலத்தின் தேவையாகும்.